பூனையை வேற வீட்டுக்குக் கொடுக்கும்போது எதையும் துவைக்காதீங்க | சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். மத்ததெல்லாம் அடுத்த பகுதியில பார்க்கலாம். இந்தக் கேள்விக்கு நடுவுல ஒரு வரி இருக்கு, படிச்சதுல இருந்து அது மனசை விட்டுப் போகலை.

ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "எங்க பூனைக்கு ஆறு வயசு, பெண் பூனை. வெளிய போகவே போகாது, அதனால கருத்தடை ஆபரேஷன் பண்ணலை. எனக்கு வேலை வேற நாட்டுக்கு மாறுது. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. எங்க அக்கா வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டாங்க. அவங்ககிட்ட ஏற்கனவே ஒரு ஆண் பூனை இருக்கு. போற இடத்துல நல்லா இருக்கட்டும்னு புது மெத்தை, புது லிட்டர் பாக்ஸ், புது தட்டு எல்லாம் வாங்கி அக்கா வீட்டுல வெச்சுட்டேன். கிளம்புறதுக்கு முந்தின நாள் கொண்டுபோய் விட்டா போதுமா? அது என்னை மறந்துடுமா?"

அந்த வரி எதுன்னு நம்ம காணொளிகளைத் தொடர்ந்து பார்க்கிறவங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. புது மெத்தை, புது லிட்டர் பாக்ஸ் (பூனை மலம், சிறுநீர் போற மண் பெட்டி), புது தட்டு. சகோதரி, நீங்க பாசத்துல செஞ்சிருக்கீங்க, அது நல்லாப் புரியுது. ஆனா அந்த மூணையும் இப்போதைக்கு எடுத்து உள்ள வெச்சுடுங்க. ஆறு மாசம் கழிச்சு அக்கா அதையெல்லாம் வெளிய எடுக்கட்டும்.

பூனைக்கு வீடுன்னா வாசனை. இதை எத்தனையோ தடவை சொல்லியாச்சு, இன்னைக்கும் சொல்றேன். பூனையோட கன்னத்துல, முகவாயில, நெத்தியில, வால் ஆரம்பிக்கிற இடத்துல, பாதத்துல எல்லாம் வாசனைச் சுரப்பிகள் இருக்கு. அது மேசைக்கால்ல கன்னத்தைத் தேய்க்கும்போது, சோஃபா ஓரத்தைப் பிராண்டும்போது, உங்க காலைச் சுத்தி வரும்போது, தன் வாசனையைப் பூசிக்கிட்டே போகுது. தினமும் ஒரு சுத்து வந்து அதைப் புதுப்பிக்கும். அந்த வாசனை இருக்கிற இடத்துல பயமில்லாம சாப்பிடும், தூங்கும், மல்லாந்து படுக்கும். அது இல்லாத இடத்துல நிக்கிறது, முன்னப்பின்ன தெரியாத வீட்டுல ராத்திரி கரண்ட் போன மாதிரி. எங்க சுவர், எங்க வாசல்னு எதுவும் பிடிபடாது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. வீடு புதுசு, ஆளு புதுசு, அங்க இன்னொரு பூனை வாசனை வேற. அதுக்கு நடுவுல மெத்தையும் புதுசு, தட்டும் புதுசு, லிட்டர் பாக்ஸும் புதுசுன்னா, மூக்கு வெச்சுப் பிடிச்சுக்க ஒரு பொருள்கூட இல்லை. அதனால அக்கா வீட்டுக்குப் போக வேண்டியது பழைய மெத்தை, முடி ஒட்டினபடியே. பழைய தட்டு, பழைய தண்ணிக் கிண்ணம், நகத்தால கிழிச்சு நார்நாரா தொங்குற அந்தப் பழைய பிராண்டற கட்டை. கொடுக்கிறதுக்கு மூணு வாரம் முன்னாடி இருந்து அதோட துணி எதையும் துவைக்காதீங்க. "இதைப் போய் எப்படிக் கொடுக்கிறது, அக்கா என்ன நினைப்பாங்க"ன்னு தோணும். பரவாயில்லை, கொடுங்க.

லிட்டர் பாக்ஸ் பத்தி தனிக் காணொளியே இருக்கு, அதனால இங்க சுருக்கமா. பழைய பாக்ஸைக் கழுவாம, கடைசி ரெண்டு மூணு நாள் கட்டிகளை மட்டும் அள்ளிப் போட்டுட்டு, அதே மண்ணோட அனுப்புங்க. மண்ணோட பிராண்டை மாத்த வேண்டாம். அஞ்சுல இருந்து ஏழு சென்டிமீட்டர் ஆழம் இருக்கணும். ஒரு சிறுநீர்க் கட்டியை விட்டு வெச்சா இன்னும் நல்லது, போன உடனே இதுதான் இடம்னு புரிஞ்சுக்கும்.

அப்புறம் அக்காகிட்ட ஒண்ணு கட்டாயம் சொல்லிடுங்க. பூனை வருதுன்னு அறையைப் பினாயில் போட்டுத் துடைக்கக் கூடாது. வாசனை ஒரு பக்கம் இருக்கட்டும், பீனால் வகைப் பொருளை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையோட கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. தரையில நடந்து பாதத்தை நக்கினாலே உடம்புக்குள்ள போயிடும். வெறும் தண்ணி போதும்.

சரி, நாள் கணக்குக்கு வருவோம். முந்தின நாள் கொண்டுபோய் விட்டா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாது. நீங்க கிளம்புறதுக்கு மூணு வாரம் முன்னாடியே பூனை அக்கா வீட்டுக்குப் போயிருக்கணும். ரெண்டு காரணம். ஒண்ணு, வீட்டைக் காலி பண்ண ஆரம்பிச்சா அலமாரி நகரும், அட்டைப்பெட்டி அடுக்குவீங்க, ஆளுங்க வந்து போவாங்க. அது கன்னம் தேய்ச்சு வெச்ச மேசைக்கால் ஒவ்வொண்ணா காணாமப் போகும். ஏற்கனவே மிரண்டுபோன பூனையைக் கேரியர்ல போட்டு எடுத்துட்டுப் போறதும், அமைதியா இருக்கிற பூனையை எடுத்துட்டுப் போறதும் ஒண்ணு இல்லை. ரெண்டாவது காரணம் இதைவிடப் பெரிசு. பிரச்சினைகள் முதல் மூணு வாரத்துல தலையெடுக்கும். சாப்பிடலை, வெளிய சிறுநீர் போகுது, அந்த ஆண் பூனை துரத்துதுன்னு அக்கா கூப்பிடும்போது நீங்க பக்கத்துல இருக்கணும்.

அப்படின்னா உங்க கையில இருக்கிறது அஞ்சு வாரம். முதல் வாரத்துலயே ஆபரேஷன். இதைத் தள்ளிப்போடாதீங்க. போற வீட்டுல ஆண் பூனை இருக்கு. அதுக்கு ஆபரேஷன் ஆயிருக்கான்னு கேளுங்க, ஆயிருந்தாலும் உங்க பூனைக்குப் பண்ணியாகணும். கருத்தடை ஆகாத பெண் பூனைக்குக் குட்டி இல்லாமலே வயசு ஏற ஏற கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிற ஆபத்து கூடும். ஆறு வயசுங்கிறதால டாக்டர் மயக்க மருந்துக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை எழுதுவார், வேண்டாம்னு சொல்லாதீங்க. சிறுநீரகம், கல்லீரல் நிலைமை அதுலயே தெரிஞ்சுடும், அந்த ரிப்போர்ட் அக்காவுக்கும் உதவும். பூனை அன்னைக்கு ஹீட்ல, அதாவது இணை தேடுற பருவத்துல இருந்தா தேதி தள்ளிப்போகலாம், அதனாலதான் முதல் வாரம்னு சொல்றேன். தையல் ஆற பத்துல இருந்து பதினாலு நாள். அந்த நாட்கள்ல இடம் மாத்தவே கூடாது.

அதே டாக்டர்கிட்ட தடுப்பூசி அட்டையைக் காட்டுங்க. பூனைகளுக்கான மூணு நோய் தடுப்பூசி, வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி, ரெண்டும் நடப்புல இருக்கணும். இன்னொரு பூனையோட சேரப்போறதால ரெண்டு பூனைக்கும் எஃப்.ஐ.வி. (பூனையோட நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற வைரஸ்), பூனை லுக்கேமியா வைரஸ் சோதனை பண்ணிடுங்க. மைக்ரோசிப் (தோலுக்கு அடியில போடுற அடையாளச் சிப்) இல்லைன்னா ஆபரேஷன் மயக்கத்துலயே போட்டுடலாம்.

கேரியரை இன்னைக்கே வெளிய எடுத்து வையுங்க. கதவைத் திறந்து, அதோட பழைய துண்டை உள்ள போட்டு, சாப்பாட்டை முதல்ல கேரியர் வாசல்ல, நாலஞ்சு நாள் கழிச்சு உள்ள வைக்கணும். டாக்டர்கிட்ட போறப்ப மட்டும் பரண்ல இருந்து கேரியர் இறங்குதுன்னா, அதைப் பார்த்த உடனே பூனை கட்டிலுக்கு அடியில போயிடும், அப்புறம் இழுத்துத்தான் எடுக்கணும்.

ஆபரேஷன் ஆறினதும் துணி மாத்துற வேலை. இதையும் பழைய காணொளியில சொல்லியிருக்கேன், ஆனா இங்க இதுதான் உயிர்நாடி. ஒரு மெல்லிசான பருத்தித் துணியால உங்க பூனையோட கன்னத்தையும் முகவாயையும் மெதுவாத் தடவுங்க. அந்தத் துணியை அக்கா எடுத்துட்டுப் போய், பூனை தங்கப்போற அறையில கதவு ஓரம், கட்டில் கால், மேசைக்கால் எல்லாத்துலயும் பூனையோட முக உயரத்துல, அதாவது தரையில இருந்து ஒரு இருபது, இருபத்தஞ்சு சென்டிமீட்டர்ல தேய்க்கணும். நம்ம இடுப்பு உயரத்துல தேய்ச்சுப் பிரயோசனம் இல்லை. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை இதைச் செய்யணும். அதே மாதிரி அந்த ஆண் பூனை படுக்கிற துணி ஒண்ணு உங்க வீட்டுக்கு வரணும். அதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு ரெண்டு மூணு அடி தள்ளி வையுங்க. சீறினா இன்னும் தள்ளி வையுங்க. முகர்ந்துட்டு சாதாரணமா சாப்பிடப் போகுதுன்னா, சரியாப் போயிட்டு இருக்குன்னு அர்த்தம். அக்கா ரெண்டு மூணு தடவை உங்க வீட்டுக்கு வந்து தரையில உட்கார்ந்துட்டுப் போகட்டும். தூக்க வேண்டாம், கூப்பிட வேண்டாம். ஒரு உடுத்தின பழைய துணியை விட்டுட்டுப் போகட்டும்.

அக்கா வீட்டை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டு வாங்க. சன்னல், பால்கனியில வலை இருக்கா? கொசுவலை போதாது, நகம் பட்டா கிழிஞ்சுடும். லில்லிப் பூ வாங்குற பழக்கம் இருந்தா நிறுத்தச் சொல்லுங்க. அதோட மகரந்தத்தை நக்கினாலோ, பூச்சாடித் தண்ணியைக் குடிச்சாலோ பூனையோட சிறுநீரகம் செயலிழக்கும். அந்த வீட்டுல நாயும் இருந்தா, நாய்க்கு உண்ணிக்காக முதுகுல விடுற சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருக்கான்னு பாருங்க, அது பூனைக்கு விஷம்.

ஒரு தாள்ல எழுதியும் கொடுங்க. எத்தனை மணிக்கு என்ன சாப்பாடு, எத்தனை கிராம். "ஒரு கப்"னு எழுதாதீங்க, கப் வீட்டுக்கு வீடு மாறும், தராசுல நிறுத்து எழுதுங்க. எதுக்குப் பயப்படும், எங்க தொட்டாக் கடிக்கும், எப்பவாவது பாக்ஸுக்கு வெளிய போகுமா, இதெல்லாம் மறைக்காம எழுதணும். சொந்த அக்காதானே, மெதுவாத் தெரிஞ்சுக்குவாங்கன்னு விடாதீங்க. கொடுத்த பூனைகள் திரும்பி வர்றதுல பாதிக் கதை இந்த மறைச்ச விஷயங்கள்லதான் ஆரம்பிக்குது, திரும்பி வர்ற பூனை ரெண்டு தடவை வீட்டை இழக்குது. சாப்பாடு மாத்த நினைச்சா ஒரு மாசம் கழிச்சு, ஏழுல இருந்து பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து.

போற நாள். காலையில போங்க, பகல் முழுக்க அக்கா வீட்டுல இருக்கிற நாளாப் பாருங்க. கிளம்புறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை நிறுத்திடுங்க, வழியில வாந்தி எடுக்காது. கேரியர் மேல பழைய துணி ஒண்ணைப் போர்த்துங்க. அங்க போனதும் ஒரே ஒரு அறை. முழு வீட்டையும் சுத்திக் காட்டக் கூடாது. அந்த அறையில ஒரு மூலையில லிட்டர் பாக்ஸ், எதிர் மூலையில சாப்பாடு, தண்ணி கொஞ்சம் தள்ளி. கேரியர் கதவைத் திறந்து வெச்சுட்டு விட்டுடுங்க, தானா வரட்டும். ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி கட்டாயம் வேணும். 2014-ல நெதர்லாந்துல ஒரு விலங்குக் காப்பகத்துல புதுசா வந்த பூனைகள்ல ஒரு பாதிக்கு மட்டும் ஒளிய பெட்டி கொடுத்துப் பார்த்தாங்க. பெட்டி கிடைச்ச பூனைகள் மத்ததைவிட சீக்கிரமா பதட்டம் தணிஞ்சு பழகிக்கிச்சு. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது அக்கா வாங்கின புதுத் துண்டா இருக்கக் கூடாது. பழசு. துவைக்காதது.

முதல் ரெண்டு நாள் ரெண்டு விஷயத்தை எழுதி வைக்கணும்: சாப்பிட்டுச்சா, சிறுநீர் போச்சா. ஒரு நாள் முழுக்க சாப்பிடலைன்னா வெட் ஃபுட்டை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வையுங்க, வாசனை ஏறும். ரெண்டு நாள் ஆகியும் ஒரு வாய்கூட எடுக்கலைன்னா டாக்டர். "பசிச்சா தானா சாப்பிடும்"ங்கிறது பூனைக்குப் பொருந்தாது. பட்டினி கிடந்தா உடம்புக் கொழுப்பு கல்லீரல்ல போய்ப் படிஞ்சு கல்லீரலே கெட்டுப்போகும், அதுவும் குண்டான பூனைக்கு வேகமா. சிறுநீர்ல இன்னும் கவனம். பதட்டத்துலயே சிறுநீர்ப்பை அழற்சி வரும். அந்த ஆண் பூனையையும் பார்க்கச் சொல்லுங்க, புது ஆள் வந்ததுல அதுக்கும் பதட்டம்தான். ஆண் பூனை பாக்ஸுல போய்ப் போய் முக்கிட்டு ஒண்ணும் வராம வந்தா அடைப்பா இருக்கலாம், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, அந்த நேரமே தூக்கிட்டு ஓடணும்.

ரெண்டு பூனையும் முகம் பார்க்கிறதுக்கு அவசரமே வேண்டாம். மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு வைக்கிறதுல இருந்து ஆரம்பிங்க. தட்டைக் கதவுகிட்ட நகர்த்திக்கிட்டே வரணும். ரெண்டும் அமைதியாச் சாப்பிட்டா அறையை மாத்திவிடுங்க, ஒண்ணோட இடத்தை இன்னொண்ணு முகர்ந்து பார்க்கட்டும். அதுக்கப்புறம் வலைக்கதவு வழியாப் பார்வை, கடைசியாத்தான் ஒரே அறை. வாரக்கணக்குல ஆகும், சிலதுக்கு மாசக்கணக்கு. லிட்டர் பாக்ஸ் மொத்தம் மூணு, தனித்தனி இடத்துல.

முதல் வாரம் நீங்க போய்ப் பார்க்காதீங்க. சாப்பிடுது, பாக்ஸைப் பயன்படுத்துதுன்னு தெரிஞ்சப்புறம் போங்க. மறந்துடுமான்னு கேட்டீங்க. மறக்காது. 2013-ல ஜப்பான்ல ஒரு ஆய்வு பண்ணாங்க. வளர்க்கிறவங்க குரலையும் அந்நியர் குரலையும் பதிவு பண்ணி, ஆளைக் காட்டாம பூனைகளுக்குப் போட்டுக் காட்டினாங்க. பூனைகள் எழுந்து வரலை, ஆனா தன் ஆளோட குரலுக்குக் காதும் தலையும் வித்தியாசமாத் திரும்புச்சு. அதுக்கு உங்களைத் தெரியும். அக்காவையும் அது ஏத்துக்கும், ரெண்டும் சேர்ந்தே நடக்கும்.

இங்க ஒண்ணு கேட்கத் தோணுது. கூட்டிட்டுப் போகவே முடியாதா? நிறையப் பேர் ரெண்டு மாசம்தான் இருக்குன்னு அந்த வழியையே மூடிடுறாங்க. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு, வெறிநோய் விஷயத்துல அவங்க ஏத்துக்கிட்ட பட்டியல்ல இல்லாத நாட்டுல இருந்து போனா, சிப் போட்டு, வெறிநோய் ஊசி போட்டு, முப்பது நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி அளவு சரியா இருந்தா அந்த ரத்தம் எடுத்த தேதியில இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். ஜப்பானுக்கு அந்தக் காத்திருப்பு 180 நாள். அதாவது ரெண்டு மாசத்துல முடியாது, ஆனா அக்கா வீட்டுல ஆறேழு மாசம் இருந்துட்டு வர முடியும். சிப் முதல்ல, ஊசி அப்புறம், வரிசை மாறினா அந்த ஊசி கணக்குல வராது. நீங்க போற நாட்டோட விதியைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இதே மாதிரி, வேற காரணத்துக்காகக் கொடுக்க நினைக்கிறவங்களுக்கும் சொல்லிடுறேன். கர்ப்பம்னு கொடுக்க வேண்டியதில்லை. வயித்துல இருக்கிற குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்துல வெளிய வந்து தொத்துற நிலைக்கு வர ஒண்ணுல இருந்து அஞ்சு நாள் ஆகும். வீட்டுல வேற யாராவது தினமும் பாக்ஸை அள்ளினா அந்தக் கவலை பெருமளவு தீர்ந்துடும். சரியா வேகாத இறைச்சியிலதான் இன்னும் கவனம் வேணும். அலர்ஜின்னா, "ஒரு வாரம் வேற வீட்டுல விட்டுப் பார்த்தோம், குறையலை, அதனால பூனை காரணமில்லை"ன்னு சொல்றவங்களும் உண்டு. பூனையோட எச்சில்லயும் தோல்லயும் இருந்து வர்ற, அலர்ஜியைத் தூண்டுற புரதம் வீட்டுல இருந்து குறைய நாலுல இருந்து ஆறு மாசம் ஆகும். ஒரு வாரத்துல எதுவும் தெரியாது. கொடுக்கிறதுக்கு முன்னாடி அலர்ஜி டாக்டரைப் பாருங்க.

சகோதரிக்கு மறுபடி வரேன். முதல் ஒரு மாசம் பூனை அக்கா வீட்டு வாசலைத் தாண்டாமப் பார்த்துக்கணும். பக்கத்து ஊரா இருந்தா பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும், அதனால உங்க பழைய வீட்டுக்கு வர்றவங்ககிட்டயும் அக்கம்பக்கத்துலயும் அக்காவோட நம்பரைக் கொடுத்துட்டுப் போங்க. தப்பிச்சுட்டா தூரத்துல தேடாதீங்க. காணாமப் போய்க் கிடைச்ச பூனைகளைப் பத்தி 2018-ல வந்த ஆய்வுல முக்கால்வாசிப் பூனைகள் தப்பிச்ச இடத்துல இருந்து ஐந்நூறு மீட்டருக்குள்ளதான் கிடைச்சிருக்கு. ராத்திரி அரவம் அடங்கினதும் டார்ச் எடுத்துட்டு வண்டி அடியில, படிக்கட்டு அடியில, செடிப் புதர்ல பாருங்க, கண்ணு மின்னும். வாசல்ல அந்தத் துவைக்காத துண்டைப் போட்டு வையுங்க.

ரெண்டு பூனைக்கும் ஒத்தே வரலைன்னா யார்கிட்ட போகும்ங்கிறதை இப்பவே அக்காவோட உட்கார்ந்து பேசிடுங்க, ஒரு ரெண்டாவது வீட்டையும் கேட்டு வையுங்க. மைக்ரோசிப் பதிவுல அக்கா பேரையும் நம்பரையும் பூனை போற அன்னைக்கே மாத்திடுங்க. உங்க பழைய நம்பரே அதுல இருந்துச்சுன்னா, யாராவது பூனையைப் பிடிச்சு ஸ்கேன் பண்ணினாலும் அவங்க பண்ற போன் உங்ககிட்ட வந்து சேராது. அந்தப் பதினஞ்சு இலக்க எண்ணைத் தடுப்பூசி அட்டை பின்பக்கம் எழுதி, போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிடுங்க.